கடை போனில் இருந்த பெயர்கள்

அன்று காலை கடைக்குள் இருந்தவர்கள் இவர்கள்: கடையை நடத்தும் மூத்தவர், மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் அவருடைய தம்பி இளையவர், மூத்தவரின் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மகளைக் கட்டிய மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பாவான சம்பந்தி. அவ்வளவுதான். தானும் கூடவே நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாக எதிர்ச்சாரி டெய்லர் இன்றுவரை சொல்லி வருகிறார். அந்த நேரத்தில் அவர் தன் கடையின் ஷட்டரைக்கூடத் தூக்கியிருக்கவில்லை.

கடை என்றால் பழுது பார்க்கும் கடை. மின்விசிறி, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின், எது நின்றுபோனாலும் அங்கே வரும். முன்பக்கம் மூத்தவரின் மேசை. அதன்மேல் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, கடைக்கென்றே இருக்கும் போன். பின்பக்கம் இளையவரின் ராஜ்யம். செப்புக் கம்பிச் சுருள்களும் வார்னிஷ் டப்பாக்களும் வயிறு திறந்து கிடக்கும் மோட்டார்களுமாக அங்கே நடக்கவே வழி இருக்காது. கருகிய காயிலின் வாடை கடையின் சுவரிலேயே ஏறிவிட்டது. வாசல் பலகையில் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. அதைத் தவிர வேறு விளம்பரம் எதையும் அந்தக் கடை செய்ததில்லை, செய்யத் தேவைப்பட்டதும் இல்லை.

தெருமுனையில் கண்ணாடிக் கடை வந்த பிறகுதான் தேவைப்பட்டது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, மின்சாதனங்களைப் புதிதாக விற்கும் குளிரூட்டிய கடை. வாசலில் கதவைத் திறந்துவிடவே ஓர் ஆள். பழசைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப் போகலாம், வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். ஓடாத மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு மூத்தவரின் கடையைத் தாண்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி போகிறவர்களை மூத்தவர் தினமும் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை ஒரு பெரிய கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவர். எழுதிக்கொண்டிருந்தவர் என்று சொல்வதுதான் சரி. அவருடைய குழு செய்கிற வேலையில் பெரும்பகுதியை இப்போது ஓர் இயந்திரமே எழுதிவிடுகிறதாம். குழுவைக் கலைக்கப் போகிறோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மனிதர் புலம்பவில்லை. சின்னக் கடைகளுக்கென்று ஒரு மென்பொருளைத் தானே எழுதினார். யாருடைய பொருள் எந்த நிலையில் இருக்கிறது, எப்போது தயாராகும் என்று வாடிக்கையாளரின் போனுக்கு அதுவே செய்தி அனுப்பும். அதை முதலில் ஓட்டிப் பார்க்க மாமனாரின் கடையைக் கேட்டார். டெய்லரும் பேக்கரிக்காரரும் போட்டோ ஸ்டூடியோக்காரரும், "முதல்ல உங்க மாமா கடையில ஓடட்டும், பிறகு நாங்களும் எடுத்துக்கறோம்" என்று சொல்லியிருந்தார்கள். ஓடினால் மாப்பிள்ளைக்கு அதுவே தொழில். ஓடாவிட்டால் மறுபடியும் யாருடைய வாசலிலாவது வேலை கேட்டு நிற்க வேண்டும்.

மூத்தவருக்கு மென்பொருளின் மேல் நம்பிக்கை கிடையாது. மாப்பிள்ளையின் மேல் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை சம்பந்திதான் பேசிக்கொண்டிருந்தார். அவர் இருக்கும் இடத்தில் வேறு யாரும் பேசுவது வழக்கமில்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டி, சந்தை, திறமை என்ற சொற்கள் அவர் வாயில் அரைபட்டுக்கொண்டே இருக்கும்.

"போட்டின்னா பயப்படக் கூடாது சம்பந்தி. கண்ணாடிக் கடைக்காரன் வந்தது உங்களுக்கு நல்லதுதான். ஓடத் தெரிஞ்சவன் ஓடுவான்."

"அவன் ஷூ போட்டுட்டு ஓடறான். நாங்க வெறுங்காலு" என்றார் இளையவர், காயிலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அந்த ஷூவைத்தான் என் பையன் கொண்டுவந்திருக்கான்!"

மூத்தவரின் மனைவி காபித் தம்ளரை அவர் முன்னால் வைத்தார். "உங்க பையன் வேலையையே ஒரு மெஷின் பிடுங்கிக்கிச்சே அண்ணா, அதுவும் போட்டிதானா?"

"அதுவும் போட்டிதாம்மா. திறமை இருக்கிறவனை மார்க்கெட் கீழ விடாது."

மாப்பிள்ளை கணினித் திரையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

முதல் செய்தியை அனுப்பும் மரியாதையைச் சம்பந்திக்குக் கொடுப்பது என்று மூத்தவர் முன்பே முடிவு செய்திருந்தார். பெண் கொடுத்த வீடு, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சம்பந்தியின் மேசை விசிறியே பழுது பார்த்துத் தயாராக இருந்ததால், அவருக்கே ஒரு செய்தி அனுப்பிக் காட்டுவதாகத்தான் ஏற்பாடு.

"எனக்கு மட்டுமா?" என்றார் சம்பந்தி. "எல்லாருக்கும் அனுப்பும்மா! கடையில புது வசதி வந்திருக்குன்னு ஊருக்கே தெரியட்டும். இதுல எல்லாருக்கும் ஒரே தடவையில அனுப்ப வழி இருக்கா?"

"இருக்குப்பா" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

சம்பந்தி பொத்தானை அழுத்தினார். அடுத்த மூச்சு விடுவதற்குள் அவருடைய சட்டைப்பை முனகியது. போனை எடுத்து, கையை நீட்டி எட்ட வைத்துக்கொண்டு, எதையும் உரக்கப் படிக்கும் தன் வழக்கப்படியே படித்தார்.

"அன்புள்ள ரேடியோ சம்பந்தி அவர்களே, எங்கள் கடையின் புதிய சேவைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்."

படித்து முடித்த பிறகுதான் படித்தது என்னவென்று அவருக்கு எட்டியது. பின்பக்கம் இளையவரின் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது. மூத்தவரின் மனைவி சமையலறை இல்லாத அந்தக் கடையில் சமையலறைக்குப் போவதுபோல ஒரு திசையில் நடந்து, சுவரைப் பார்த்து நின்றார்.

சம்பந்தி இன்னொரு முறை, இந்தத் தடவை மனதுக்குள், படித்தார். எழுந்தார். "எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றார். காபி அப்படியே இருந்தது. விசிறியும் அப்படியே இருந்தது.

நடந்தது என்னவென்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. வாடிக்கையாளர்களின் பெயர்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டாமே என்று, கடை போனில் இருப்பவர்களை எல்லாம் ஒரே இழுப்பில் இழுத்துக்கொள்ளும்படி மாப்பிள்ளை மென்பொருளை எழுதியிருந்தார். தன் போனில் இழுத்துச் சோதித்தும் பார்த்திருந்தார். அவருடைய போனில் மனிதர்கள் அவரவர் பெயரோடு இருந்தார்கள். கடை போனில் அப்படி ஒருவரும் இல்லை.

இந்தக் குடும்பத்தில் வாடிக்கையாளர்களை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முகத்துக்கு நேரே மரியாதைதான். ஐயா, அம்மா, சார். அவர்கள் படியிறங்கியதும் பட்டப்பெயர். கேலிக்காக மட்டும் அல்ல. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஒரே மாதிரி விசிறியைப் பலர் கொண்டுவருவார்கள், இளையவர் பின்பக்கமிருந்து "இது யாருது?" என்று கத்துவார். "சிரிக்காத பல் டாக்டரோடது" என்றால் குழப்பமே கிடையாது. விசிறியின் அடியில் சாக்கட்டியால் எழுதுவதும் அதுதான், சாப்பிடும்போது பேசுவதும் அதுதான், போனில் ஏற்றி வைத்ததும் அதுதான்.

மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாப் பேரையும் நான் பார்த்தேனேப்பா. ஒண்ணு விடாம பார்த்தேன். எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு!"

அவளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவள். வாய்தா வக்கீல், கேள்வித்தாள் டீச்சர், ஒருபக்கம் கருகல் பேக்கரி, நாளைக்கு டெய்லர். அவளுக்கு அவர்களுடைய பெயர்களே அவைதான். எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறாள். ஒரு பிழையும் இல்லை.

அதற்குள் கடை போன் அடிக்க ஆரம்பித்தது.

முதலில் பல் டாக்டர். "நான் சிரிக்கறதில்லைன்னு உங்ககிட்ட யார் சொன்னது?" என்று கேட்டார். அவர் குரலில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. மூத்தவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் வைத்துவிட்டார்.

டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குடையை மடக்கி மேசைமேல் வைத்தார்.

"இதை எழுதினது யாரு?"

"அம்மா, அது வந்து…"

"எப்போ எழுதினது? என் பேரு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும்னா ஏன் எழுதலை? தெரியாதுன்னா ஏன் கேக்கலை? கேள்வித்தாள்னு வெச்சதுக்கு என்ன காரணம்?"

பின்பக்கமிருந்து இளையவரின் குரல் மெதுவாக வந்தது. "எல்லாமே கட்டாயக் கேள்வி. சாய்ஸே இல்லை."

மூத்தவர் திரும்பிப் பார்த்த பார்வையில் இளையவர் ஒரு மோட்டாருக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டார். டீச்சருக்கு அது காதில் விழுந்திருக்கும். விழாததுபோலக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவருக்குப் பின்னால் போட்டோ ஸ்டூடியோக்காரர் வந்தார். அவர் முகம்தான் எல்லோருடைய முகத்தையும்விட வாடியிருந்தது.

"அண்ணே, எல்லாருக்கும் ஒரு பேரு வந்திருக்கு. எனக்கு வெறும் 'போட்டோ ஸ்டூடியோ'ன்னு வந்திருக்கு."

"அதனால என்னப்பா? உனக்கு ஒண்ணும் மோசமா வரலையே."

"இத்தனை வருஷமா வர்றேனே அண்ணே. சாப்பிடும்போது என்னைப் பத்தி உங்க வீட்ல ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையா?"

மூத்தவர் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அன்று இரண்டு வேளையும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வாசல் பலகையில் இருக்கும் பெயரை இதுவரை யாரும் இழித்துப் பேசியதில்லை. இன்று தெரு முழுக்க அதுதான் நடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அடுத்த நாள் தெருவின் பேச்சே மாறியிருந்தது. அதை மாற்றியவர் டெய்லர். காலையிலேயே கடைக்கு வந்து, மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேல தப்பே இல்லைண்ணே. எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"அந்த மெஷின் வேலைதான். இந்த போனெல்லாம் நாம பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்குமாம். போன வாரம் வீட்ல மெத்தை வாங்கணும்னு பேசிக்கிட்டோம், அவ்வளவுதான். மறுநாள் போனைத் தொறந்தா பூராவும் மெத்தை விளம்பரம்! அதே மாதிரி உங்க மாப்பிள்ளையோட ஆப்பும் ஒவ்வொருத்தன் பேச்சையும் ஒட்டுக்கேட்டு, அதுவா ஒரு பேரு வெச்சிருக்கு. உங்க குடும்பம் அப்படியெல்லாம் பேசற குடும்பமா? எங்களுக்குத் தெரியாதா உங்களை?"

அவர் போனதும் இளையவர் பின்பக்கத்திலிருந்து எழுந்தே வந்துவிட்டார். முகமெல்லாம் தீபாவளி. "தப்பிச்சோம்ணே!"

மூத்தவர் மேசை விளக்கைப் போட்டு வேலையில் குனிந்தார். டெய்லர் சொன்னதை அவர் மறுக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். யாரும் அவரிடம் நேராகக் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. நாள் முழுக்க ஆட்கள் வந்தார்கள். வக்கீல் தன் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, "டெக்னாலஜியை நம்பவே கூடாது சார். மனுஷன் மனுஷனா இருந்த காலம் போச்சு" என்று ஆறுதல் சொன்னார். அந்தப் பெட்டியை வாங்க வருகிறேன் என்று அவர் எத்தனை முறை தேதி மாற்றினார் என்பதற்காகத்தான் அவருக்கு அந்தப் பெயரே. மூத்தவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் அவருக்கே பிடிக்கவில்லை.

மாலையில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் வந்தார். நாற்காலியில் உட்காராமல் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

"பேக்கரிக்காரர் வேணாம்னு சொல்லிட்டார் மாமா. நாளைக்கு எல்லாரும் அங்க கூடறாங்களாம். என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. முடிவைச் சொல்லத்தான் கூப்பிடறாங்கன்னு நினைக்கறேன்."

"நீங்க என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?"

"என்ன சொல்றது? கடை போனை ஒரு தடவை தொறந்து பார்த்திருக்கணும். பார்க்கலை. அது என் மேல தப்புதானே."

மகள் கணவனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை அவள் தோளில் லேசாகத் தட்டினார். அவள் மூடிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு மூத்தவரின் மனைவி, யாரிடமும் பேசாததுபோல, துடைப்பத்தோடு பேசினார்.

"வேலை போன பிள்ளை. கம்பெனியில ஒரு மெஷின் வந்து அவன் சோத்தைப் பிடுங்குச்சு. இங்க அவன் மெஷின் மேல நாம பழியைப் போட்டுப் பிடுங்கறோம்."

"நான் யார் மேலயும் போடலை" என்றார் மூத்தவர்.

"போட்டதை எடுக்கவும் இல்லையே."

மறுநாள் பேக்கரிக்குப் போகும் வழியில் சம்பந்தி கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவர் குரல் இவ்வளவு தணிந்து மூத்தவர் கேட்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க சம்பந்தி. அந்தப் பேரு மெஷின் வெச்சதுதானே?"

மூத்தவர் கடைச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என் பையனைப் பத்திக் கவலைப்படாதீங்க. இது தோத்தா இன்னொண்ணு செய்வான். சரக்கு சரியில்லைன்னா மார்க்கெட் தள்ளத்தான் செய்யும், என் பையனா இருந்தாலும் தள்ளும். அதை நான் அவமானமா நினைக்கலை. ஆனா நீங்க எல்லாரும் உக்காந்து என்னை அப்படிச் சொல்லிச் சிரிச்சீங்கன்னா…" அவர் முடிக்கவில்லை. "நாளைக்கு ரெண்டு வீடும் முகம் பார்த்துப் பேசணும்ல?"

ஒரு "ஆமா" போதும். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மனிதர் பொய்யை விலைக்குக் கேட்டு வந்திருக்கிறார், தன் பையனின் பிழைப்பையே அதற்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பது மூத்தவருக்குப் புரிந்தது. அந்த "ஆமா" அவருடைய நாக்கின் நுனியிலேயே இருந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, "வாங்க, பேக்கரி வரைக்கும் நானும் வர்றேன்" என்றார்.

பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, பெஞ்சுகளில் தெருக் கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தார், தோளில் கணினிப் பையோடு. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"தம்பி, உங்க திறமையில எங்களுக்குச் சந்தேகம் இல்லை" என்று பேக்கரிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா எங்க கடையில பேசறதை எல்லாம் அது கேட்டு, வர்றவங்களுக்கு ஒருபக்கம் கருகல், ரெண்டு பக்கம் கருகல்னு பேரு வெச்சா நாங்க எப்படித் தொழில் பண்றது? அது எங்க இருந்து அந்தப் பேரை எல்லாம் எடுத்துச்சு? அதையாவது சொல்லுங்க."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். மாமனார் உள்ளே வந்ததை அவர் பார்க்கவில்லை.

"என் தப்புதான் சார். நான் சரியாச் சோதிக்கலை. அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க."

மூத்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். இன்னொரு வீட்டில் பிறந்த பிள்ளை, இந்தக் குடும்பத்தின் மானத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டு தெருவின் நடுவே நிற்கிறான். அதற்கு விலையாகத் தன் பிழைப்பைக் கொடுக்கிறான். கேட்டால்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறான். இந்தக் குடும்பத்துக்காரர்களோ அதைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவருக்கு அதுவரை வந்த அவமானம் எல்லாம் ஓர் அவமானமாகவே தோன்றவில்லை. இதுதான் அவமானம்.

"நான் சொல்றேன்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடுவில் வந்தார். சட்டைப்பையிலிருந்து கடை போனை எடுத்துப் பேக்கரி மேசைமேல் வைத்தார்.

"அந்த ஆப் யாருக்கும் பேரு வைக்கலை. யார் பேச்சையும் கேக்கலை. இந்த போன்ல என்ன இருந்துச்சோ அதை எடுத்து அனுப்புச்சு. இதுல இருக்கிற பேரு எல்லாம் எங்க வீட்ல வெச்சது. நாங்க சாப்பிடும்போது உங்களை இப்படித்தான் சொல்லுவோம். வேணும்னா எடுத்துப் பாருங்க."

ஒருவரும் போனைத் தொடவில்லை.

"மாமா…" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை." அவர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "மார்க்கெட் சரியில்லாத சரக்கைத் தள்ளும்னு சொல்வீங்களே. மார்க்கெட்டுக்கு நாமளே பொய்யைச் சொல்லிக் குடுத்தா, அது எதைத் தள்ளும்? நல்ல சரக்கைத் தள்ளும். உங்க பையன் செஞ்சது நல்ல சரக்கு. கெட்டது எங்க வாய்."

சம்பந்தியின் முகம் சிவந்தது. "என் பேரை வெச்சது யாரு?"

அதை வைத்தவர் யாரென்று மூத்தவருக்கு நன்றாகத் தெரியும். கையில் துடைப்பத்தோடு கடையில் நிற்கிறார். "எங்க குடும்பம் வெச்சது" என்றார் மூத்தவர். "குடும்பத்துக்கு மூத்தவன் நான். என்ன சொல்லணுமோ என்கிட்ட சொல்லுங்க."

சம்பந்தி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்போ 'நாளைக்கு டெய்லர்'னு என்னைச் சொன்னது நீங்கதானா?" டெய்லர் எழுந்துவிட்டார். ஒட்டுக்கேட்கும் மெஷினைக் கண்டுபிடித்தவர் அவர். கண்டுபிடிப்பு கையைவிட்டுப் போனதில் அவருக்கு இரட்டைக் கோபம். "இது அநியாயம்ணே! நான் எப்போ யாரை நாளைக்கு வான்னு சொன்னேன்?"

"என் பேன்ட் என்னாச்சு?" என்றார் பேக்கரிக்காரர்.

"அது முடிஞ்சாச்சு, பட்டன் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு…"

டெய்லர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். முதலில் சிரித்தவர் போட்டோ ஸ்டூடியோக்காரர். பிறகு பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. டெய்லர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். "சிரிங்க, சிரிங்க. அண்ணே, உங்களை நாங்க என்ன பேர்ல போன்ல வெச்சிருக்கோம்னு தெரியுமா?"

"டேய், வேணாம்" என்றார் பேக்கரிக்காரர்.

"கஞ்சி போட்ட சட்டை!"

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மூத்தவரைப் பார்த்தார்கள். அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். கஞ்சி போட்ட சட்டைதான், அன்றும் அதுதான் போட்டிருந்தார்.

"சரி" என்றார். "அப்படியே இருக்கட்டும். மாத்த வேணாம்."

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பல் டாக்டர் அதன்பிறகு அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை. கண்ணாடிக் கடையில் புது விசிறியே வாங்கிக்கொண்டார். மெஷின்மேல் பழி இருந்தவரை ஆறுதல் சொன்ன வக்கீலும் வருவதை நிறுத்திக்கொண்டார். டீச்சர் தன் முழுப்பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். இளையவர் அதைப் பார்த்துத் தன் கையாலேயே போனில் ஏற்றினார், அவர் எதிரிலேயே. சம்பந்தியின் வீட்டிலிருந்து பல நாள் போனே வரவில்லை. மூத்தவரின் மனைவி கடைசியில் தானே அந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, கையில் ஒரு பை நிறையப் பழம் இருந்தது. அடுத்த வாரமே சம்பந்தி கடைக்கு வந்து, பழைய பொருளைப் பழுது பார்ப்பவன் நாட்டின் பொருளாதாரத்துக்கு நல்லவனா கெட்டவனா என்று இளையவரோடு மதியம் வரை வாதாடினார். அவரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

மாப்பிள்ளை மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தார். செய்தி போவதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் திரையில் காட்டி, "இந்தப் பெயரை அவர் முன்னால் சொல்வீர்களா?" என்று அது கேட்கும். ஆம் என்று அழுத்தினால்தான் போகும். விஷயம் கேள்விப்பட்டு அதைக் கேட்டு வந்த மற்ற ஊர்க் கடைக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட அந்த ஒரு கேள்விதான் பிடித்துப்போனது. டெய்லரும் போட்டோ ஸ்டூடியோக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் இன்னும் யோசிக்கிறார். கம்பெனியில் கடைசி நாள் முடிந்து வந்த மாப்பிள்ளைக்கு மறுநாள் காலை போவதற்கு வேலை இருந்தது. பெரிய வருமானம் இல்லை. யாருடைய வாசலிலும் நிற்கவில்லை.

தெருவில் இப்போது வேறொரு பேச்சு நடக்கிறது. தப்பு உண்மையில் மென்பொருளில்தான் இருந்ததாம். மாப்பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக மூத்தவர் பெருந்தன்மையோடு பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாராம். டெய்லர்தான் இதையும் கிளப்பியவர். கேட்கிறவர்கள் மூத்தவரைப் புகழ்கிறார்கள், குடும்பத்தையும் புகழ்கிறார்கள். புகழ்ச்சியாக இருந்தாலும் அது பொய். மூத்தவர் மாப்பிள்ளையின் பழி எதையும் ஏற்கவில்லை. மென்பொருளில் தப்பு இல்லை. அந்தப் பெயர்கள் எல்லாம் இந்தக் குடும்பம் வைத்தவை.